பத்து விளக்கு

பெர்லெவோக்கிலிருந்து மேஹாம்ன்
சுவர் வரைபடத்தில் என் சுண்டுவிரல் நகம் அகலம்.
பறந்தால் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு,
காற்று மனது வைத்தால் பதினைந்து நிமிடம்.
காபி கிடையாது. பணிப்பெண்
தன் பெல்ட்டை அவிழ்ப்பதே இல்லை.

காரில் போகிறவர்
ஒவ்வொரு ஃபியோர்டின் தொண்டைக்குழி வரை இறங்கி
மறுகரை ஏறி வரவேண்டும். முந்நூறைத் தாண்டும்.
குளிர்காலத்தில் மலைமேல் கேட்டைச் சாத்திவிடுவார்கள்;
பனி தள்ளும் வண்டி வந்து
முன்னால் வழி காட்டும்வரை
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.
கப்பலும் உண்டு. அது வேறு கணக்கு.

எவ்வளவு தூரம் என்று கேட்டால்
கேட்பவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.
நண்டு வியாபாரிக்கு நிமிடத்தில்.
பயணப்படி தருகிற அலுவலகத்துக்குச் சாலைவழியில்.

எனக்கு டவரில் வேலை. பெயர்தான் டவர்,
மூன்று மாடி.
விமானம் எழும்பியதும் ஃபோனை எடுப்பேன்:
பன்னிரண்டு பதினொன்றுக்குக் கிளம்பியது,
ஒன்பது பேர், ஒரு குளிர்பெட்டியில் ரத்த மாதிரி.
அக்கரையில் டூர்லைவ் திருப்பிச் சொல்வான்
ஒவ்வோர் எண்ணாக,
சில்லறையை உள்ளங்கையில் எண்ணி வைப்பதுபோல.

ஏழு வருடம்.
அவன் இருமல் தெரியும்.
நாற்காலி கிறீச்சிடுவது தெரியும்.
எண்ணெய் விடேன் என்றேன் ஒருநாள். விட்டான்.
அப்புறம் அந்தச் சத்தம் இல்லாமல்
அவன் லைனில் இருக்கிறானா இல்லையா என்றே
பிடிபடாமல் போயிற்று.
முகம் தெரியாது.
படம் அனுப்பு என்று அவனும் கேட்கவில்லை, நானும்.

பிப்ரவரியில் நான்கு நாள் விடுப்பு வந்தது.
வருகிறேன் என்றேன்.
எந்த ரன்வேயில் இறங்குவாய் என்றான்.
அவனிடம் இருப்பது ஒன்றே ஒன்று.

எட்டு வாஃபிள் சுட்டுத் துண்டில் சுற்றிக்கொண்டேன்,
பதினைந்து நிமிடத்தில் என்ன ஆறிவிடப்போகிறது.
ஜன்னலோரம், மூன்றாம் வரிசை.
என் இடத்தில் ஒட்நி உட்கார்ந்து
என்னையும் ஒரு தலையாக எண்ணி
அவனிடம் சொல்லியிருப்பாள்.

கடல் தெரிந்தது. பிறகு கடல் தெரியவில்லை.
இறக்கை சாய்ந்து, மறுபடி சாய்ந்து,
வட்டம் போடுகிறோம் என்று புரிந்தது.
பக்கத்து இருக்கை நண்டு வியாபாரி
கடிகாரத்தைத் தட்டினார், அது நின்றுவிட்டதுபோல.
என் காதில் ஹெட்செட் இல்லை.
ஆனாலும் தெரியும்,
இப்போது கேப்டன் கேட்கிறாள்,
இப்போது அவன் ஜன்னலுக்குப் போகிறான்,
ஓடுபாதை விளக்குகளை விரல்விட்டு எண்ணுகிறான்.
விளக்குக்கு விளக்கு அறுபது மீட்டர்.

மேகத்தில் ஒரு கிழிசல்.
கீழே மஞ்சள் புள்ளிகள் ஒரு வரிசை,
ஓரத்தில் வெளிச்சமான ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி.
அவ்வளவுதான். மூடிக்கொண்டது.

ஆயிரத்தைந்நூறு என்று சொல்லியிருக்கலாம்.
சொல்கிறவனாக இருந்தால்
ஏழு வருடம் அவனோடு பேசியிருப்பேனா.

ஹாமர்ஃபெஸ்டில் இறக்கிவிட்டார்கள்.
விமானக் கம்பெனி ஓட்டல் அறை கொடுத்தது.
வாஃபிள் தோல்போல ஆகியிருந்தது;
வியாபாரி ஐந்து தின்றார், சர்க்கரை குறைவு என்றார்.
மறுநாளும் காற்று. அதற்கு மறுநாள்
கிடைத்த விமானம் நேராக ஊருக்கு வந்தது,
மேஹாம்னில் நிற்காமல்.

திங்கட்கிழமை. பன்னிரண்டு பதிமூன்று. ஆறு பேர்.
திருப்பிச் சொன்னான்.
வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

அறுநூறுதான் இருந்தது, என்றான்.

தெரியும். மேலிருந்து எண்ணினேன். பத்து.

எனக்கும் பத்து, என்றான்.

அதற்குமேல் இருவரிடமும் எண் எதுவும் இல்லை.
விமானம் பாதிக் கடலில் இருக்கும்.
நாற்காலி கிறீச்சிட்டது.